நிதி கம்பெனியில் பணம் போடுவதற்கு முன்: புதிய உறுப்பினருக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய கடைத்தெரு எதுவானாலும் 'நிதி லிமிடெட்' என்று முடியும் பெயர்ப்பலகை ஒன்றாவது கண்ணில் படும். உள்ளே வங்கியில் இருப்பதைப் போலவே கவுண்டர், பாஸ்புக், நகை எடை போடும் தராசு, வட்டி விகிதப் பலகை எல்லாம் இருக்கும். சட்டப்படி அது வங்கி ஆகாது. உறுப்பினர்கள் தங்கள் சேமிப்பை ஒன்றுசேர்த்துத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வதற்காகக் கம்பெனி வடிவில் பதிவுசெய்த பரஸ்பர நலச் சங்கம் அது. ஆகவே, அங்கே டெபாசிட் போடச் செல்பவர் முதலில் பங்குதாரராகிறார், பிறகே டெபாசிட்தாரராகிறார். இந்த வரிசையை உணர்ந்து செல்பவருக்கு எதைக் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்பதில் குழப்பம் வராது.

இவ்வகைச் சங்கங்கள் 19ஆம் நூற்றாண்டுச் சென்னையில் 'பெனிபிட் ஃபண்ட்', 'பெர்மனென்ட் ஃபண்ட்', 'சாசுவத நிதி' என்ற பெயர்களில் வளர்ந்தவை. மாதச் சம்பளக்காரர்கள் வட்டிக்கடைக்காரரிடம் சிக்காமல் தமக்குள் கடன் வாங்கிக்கொள்ள அவை வழிசெய்தன. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 620ஏ பிரிவு இவற்றைத் தனி வகையாக அங்கீகரித்தது. இன்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 406ஆம் பிரிவும், 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள நிதி விதிகளும், அவற்றில் 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பட்ட திருத்தங்களும் இவற்றை ஆள்கின்றன. கீழே சொல்லப்படும் எண்களில் பெரும்பாலானவை இந்த விதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை.

முதலில், அது உண்மையிலேயே நிதிதானா என்று பாருங்கள்

பெயரில் 'நிதி' இருப்பது மட்டும் போதாது. மத்திய அரசு ஒரு கம்பெனியை நிதி என்று அறிவிக்க வேண்டும். 2022 ஏப்ரல் திருத்தத்திற்குப் பின் தொடங்கப்படும் கம்பெனி, பதிவான 120 நாட்களுக்குள் குறைந்தது 200 உறுப்பினர்களையும் 20 லட்சம் ரூபாய் நிகர சொந்த நிதியையும் திரட்டி, என்.டி.எச்.-4 என்ற படிவத்தில் இந்த அறிவிப்பைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு பதிவான பல கம்பெனிகள் இந்தச் சடங்கை முடிக்காமலேயே டெபாசிட் வாங்கிக்கொண்டிருந்தன. 2021 ஆகஸ்டில் கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, அதுவரை பரிசீலிக்கப்பட்ட 348 விண்ணப்பங்களில் ஒன்றுகூட அறிவிப்புக்கான தகுதியை எட்டவில்லை. எனவே, அலுவலகத்தில் சட்டம்போட்டு மாட்டியிருக்கும் கம்பெனிப் பதிவுச் சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம். அது கம்பெனி பிறந்ததற்கான சான்று மட்டுமே. நிதியாக அறிவித்த அரசாணை எங்கே என்று கேளுங்கள். "விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது" என்ற பதில் வந்தால், அது முடியும் வரை உங்கள் பணமும் உங்களிடமே இருக்கட்டும்.

அமைச்சகத்தின் எம்.சி.ஏ. இணையதளத்தில் கம்பெனியின் பெயரைக் கொடுத்தால், பதிவு நாள், பதிவு அலுவலக முகவரி, செலுத்தப்பட்ட மூலதனம், கடைசியாக இருப்புநிலைக் குறிப்பு தாக்கல் செய்த நாள் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். நூறு ரூபாய் செலுத்தினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களையும் திறந்து படிக்கலாம். லட்சக்கணக்கில் டெபாசிட் போடப் போகிறவர் இந்த நூறு ரூபாயில் சிக்கனம் பிடிப்பது எனக்கு என்றுமே விளங்கியதில்லை. இருப்புநிலைக் குறிப்பு இரண்டு ஆண்டுகளாகத் தாக்கலாகவில்லை என்றால், மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டிய அவசியமே இல்லை.

கணினியைத் தொடாமலே கண்டுபிடிக்கக்கூடிய விதிமீறல்களும் உண்டு. நிதி கம்பெனி சீட்டு நடத்தக் கூடாது. காப்பீடு, தவணை முறை விற்பனைக்கான கடன், குத்தகைக் கடன் ஆகிய தொழில்களைச் செய்யக் கூடாது. பிற கம்பெனிகளின் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வாங்கக் கூடாது. நடப்புக் கணக்கு தொடங்கித் தரக் கூடாது. டெபாசிட் கோரிப் பொதுவில் விளம்பரம் செய்வதும், டெபாசிட் பிடித்துத் தருபவருக்குத் தரகோ ஊக்கத்தொகையோ கொடுப்பதும் தடைசெய்யப்பட்டவை. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று குறிப்பிட்டு வட்டி விகிதத்தைத் தெரிவிக்கும் சுற்றறிக்கைக்குத்தான் அனுமதி உண்டு. ஆக, வீடு தேடி வந்து மாதத் தவணை வசூலிக்கும் கமிஷன் ஏஜெண்டும், உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் "அதிக வட்டி" விளம்பரமும், நிதிப் பெயரில் நடக்கும் தீபாவளிச் சீட்டும் அந்தக் கம்பெனி விதிகளை எப்படி மதிக்கிறது என்பதை உங்கள் வாசலிலேயே காட்டிவிடுகின்றன.

கிளைகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கவும் வேண்டாம். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் வரிக்குப் பின் லாபம் ஈட்டிய நிதிதான் கிளை திறக்கலாம், அதுவும் மாவட்டத்துக்குள் மூன்று வரைதான். அதற்கு மேல் வேண்டுமானால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநரின் அனுமதி தேவை. பதிவு அலுவலகம் உள்ள மாநிலத்தைத் தாண்டிக் கிளையே கூடாது. தொடங்கி ஓராண்டுகூட ஆகாத கம்பெனிக்கு ஐந்து ஊர்களில் கிளை இருந்தால், காரணத்தை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உறுப்பினராகச் சேர்தல்

தனி மனிதர்கள் மட்டுமே உறுப்பினராகலாம். கம்பெனிகளும் அறக்கட்டளைகளும் சேர முடியாது. பதினெட்டு வயது நிறையாதவரைப் பங்குதாரராக்க முடியாது. ஆனால், உறுப்பினராக இருக்கும் பெற்றோரோ பாதுகாவலரோ பிள்ளையின் பெயரில் டெபாசிட் போடலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பான் அட்டை, புகைப்படம் ஆகியவற்றுடன் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். புதிய டெபாசிட்தாரரைப் பற்றி முறையான அறிமுகம் பெற்று அதைப் பதிவில் வைத்திருப்பது நிதியின் கடமை என்பதால், பழைய உறுப்பினர் ஒருவரின் கையொப்பம் கேட்கப்படுவது வழக்கம்.

பங்கின் முகமதிப்பு பத்து ரூபாய்க்குக் குறையக் கூடாது. சேமிப்புக் கணக்கோ தொடர் வைப்போ மட்டும் வைத்திருப்பவர் பத்து ரூபாய்ப் பங்கு ஒன்றை வைத்திருந்தால் போதும். நிலை வைப்பு போடுபவர் பத்துப் பங்குகளை அல்லது நூறு ரூபாய்க்குச் சமமான பங்குகளை வைத்திருக்க வேண்டும். பங்கு வழங்குவதற்குச் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்வதால், 'உறுப்பினர் கட்டணம்' என்ற பெயரில் பங்குத் தொகைக்கு மேல் கேட்கப்படும் பணத்துக்கு ரசீதும் விளக்கமும் கேளுங்கள். பங்குகள் ஒதுக்கப்பட்ட இரண்டு மாதங்களுக்குள் பங்குச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும். பட்டியலிடப்படாத பொதுக் கம்பெனிகளுக்கு, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு கட்டாயமாக்கப்பட்டபோது நிதிகளுக்கு விலக்கு தரப்பட்டதால், அந்தக் கணக்கு உங்களுக்குத் தேவையில்லை. சேரும் நாளிலேயே பங்குக்கும் டெபாசிட்டுக்கும் தனித்தனியே வாரிசு நியமனம் எழுதிக் கொடுத்துவிடுவது, பின்னால் குடும்பத்தார் அலைவதைத் தவிர்க்கும்.

உறுப்பினருக்கு வாக்குரிமை உண்டு. யாரிடம் எத்தனை பங்குகள் இருந்தாலும், வாக்குச்சீட்டு முறையில் எவரும் மொத்த வாக்குகளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் செலுத்த முடியாது என்று 2015 ஜூன் 5 அறிவிக்கை வரம்பு கட்டியிருக்கிறது. அதே அறிவிக்கையில் பலர் கவனிக்காத இன்னொரு செய்தி உள்ளது. ஆயிரம் ரூபாய் முகமதிப்பு அல்லது மூலதனத்தில் ஒரு சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் பங்கு இல்லாதவருக்கு ஆண்டுக் கணக்கைத் தபாலில் அனுப்ப வேண்டிய கட்டாயம் நிதிக்கு இல்லை. மாவட்டத்தில் விற்பனையாகும் நாளிதழில் அறிவிப்பும், அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒரு நகலும் போதும். நூறு ரூபாய்ப் பங்கு வைத்திருக்கும் சாதாரண உறுப்பினர், கணக்கு வீட்டுக்கு வரும் என்று காத்திருந்தால் அது ஒருநாளும் வராது. மார்ச்சில் நிதியாண்டு முடிந்து செப்டம்பர் 30க்குள் பொதுக்குழு கூட வேண்டும் என்பதால், ஆகஸ்ட் பிறந்ததும் அறிவிப்புப் பலகையைப் பார்க்கத் தொடங்குங்கள்.

டெபாசிட் விண்ணப்பத்தை முழுதாகப் படியுங்கள்

டெபாசிட் விண்ணப்பத்தில் இயக்குநர்களின் பெயர், முகவரி, தொழில், அடையாள எண், கடந்த மூன்று ஆண்டு லாபம், வழங்கிய பங்காதாயம், வட்டி விகிதம், முன்கூட்டியே எடுத்தால் கிடைக்கும் வட்டி ஆகியவை இடம்பெற வேண்டும். இந்த டெபாசிட்டுக்குக் காப்பீடு இல்லை என்பதையும், அதைத் திருப்பித் தருவதற்கு மத்திய அரசோ ரிசர்வ் வங்கியோ உத்தரவாதம் அளிக்கவில்லை என்பதையும் விண்ணப்பமே சொல்லியாக வேண்டும். வங்கி டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீட்டுப் பாதுகாப்பு இங்கே கிடையாது. "ரிசர்வ் வங்கி அனுமதி பெற்றது" என்று கவுண்டரில் யாராவது சொன்னால், விண்ணப்பத்தில் உள்ள அந்த வாசகத்தை விரலால் சுட்டிக்காட்டி எதை நம்புவது என்று கேட்கலாம்.

நிலை வைப்பின் காலம் ஆறு மாதம் முதல் அறுபது மாதம் வரை. தொடர் வைப்புக்குப் பன்னிரண்டு மாதம் முதல் அறுபது மாதம் வரை. இவ்விரண்டுக்குமான வட்டி, வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு 12.5 சதவீதம். அதற்கு மேல் வாக்களிக்கும் நிதி, உங்களிடம் கூடுதல் வட்டி தருவதாகச் சொல்லும்போதே விதியை மீறிவிட்டது. சேமிப்புக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள இருப்புக்கே வட்டி உண்டு; அந்த வட்டியும் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள் தருவதைவிட இரண்டு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் அதிகமாக இருக்க முடியாது.

பணம் அவசரமாகத் தேவைப்பட்டால் என்ன ஆகும் என்பதை முன்பே கணக்கிட்டு வைக்க வேண்டும். போட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தரவே கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் கேட்டால் அசல் கிடைக்கும், வட்டி கிடைக்காது. ஆறு மாதத்துக்குப் பின், பணம் உண்மையில் கிடந்த காலத்துக்கு உரிய வட்டி விகிதத்தில் இரண்டு சதவீதப் புள்ளிகளைக் கழித்துத் தருவார்கள். மூன்றாண்டுக்கு 10 சதவீதம் என்று ஒரு லட்சம் போட்டவர் பத்தாவது மாதத்தில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத டெபாசிட்டுக்கு அந்த நிதி தரும் விகிதம் 8.5 சதவீதம் என்றால், அவருக்குக் கிடைப்பது 6.5 சதவீதம்தான், 10 சதவீதத்திலிருந்து இரண்டைக் கழித்து 8 சதவீதம் வரும் என்று எதிர்பார்ப்பது வீண்.

நிதியின் பணநிலையை அளப்பது எப்படி

வட்டி விகிதத்தைக் கேட்காத உறுப்பினரைப் பார்க்க முடியாது; விகிதாசாரத்தைக் கேட்கும் உறுப்பினரைப் பார்ப்பது அரிது. என் கருத்தில், ஒரு நிதியின் ஆரோக்கியத்தை அறிய மூன்று எண்கள் போதும்.

முதலாவது, நிகர சொந்த நிதி. செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்தையும் கட்டற்ற இருப்புகளையும் (தனி நோக்கத்துக்கு ஒதுக்காமல் சேர்த்துவைத்த லாபம்) கூட்டி, சேர்ந்துபோன நட்டத்தையும் நற்பெயர் போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்துகளையும் கழித்தால் கிடைப்பது இது. இரண்டாவது, நிலுவையில் உள்ள டெபாசிட். இது சொந்த நிதியைப் போல் இருபது மடங்கைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, பிணையில் வைக்கப்படாத வைப்பு. டெபாசிட்டில் குறைந்தது பத்து சதவீதத்தை அட்டவணை வணிக வங்கியிலோ அஞ்சலகத்திலோ நிதி தன் சொந்தப் பெயரில், யாருக்கும் அடகு வைக்காமல் போட்டிருக்க வேண்டும். கூட்டுறவு வங்கியிலும் வட்டாரக் கிராம வங்கியிலும் போட்டால் அது இந்தக் கணக்கில் சேராது. எதிர்பாராத நெருக்கடியில் இதிலிருந்து எடுக்க வேண்டுமானால் மண்டல இயக்குநரிடம் முன் அனுமதி பெற வேண்டும்.

இந்த எண்களை ஒரு கற்பனை நிதியில் பொருத்திப் பார்ப்போம். சொந்த நிதி 20 லட்சம் என்றால் டெபாசிட் 4 கோடி வரை வாங்கலாம். அதில் 40 லட்சம் வங்கியில் தூங்க வேண்டும். சொந்த நிதியையும் சேர்த்து மிச்சமுள்ள 3 கோடியே 80 லட்சம் கடனாகப் போகிறது. அந்தக் கடனில் 20 லட்சம், அதாவது ஐந்து சதவீதத்துக்குச் சற்றே மேல், திரும்பி வராமல் போனால் பங்குதாரர்களின் மூலதனம் முழுவதும் கரைந்துவிடும். அதற்குப் பின் ஏற்படும் ஒவ்வொரு ரூபாய் நட்டமும் டெபாசிட்தாரரின் ரூபாய். இருபது மடங்கு என்பது சட்டம் அனுமதிக்கும் எல்லை; அந்த எல்லையை ஒட்டி நடக்கும் நிதியைவிட எட்டு மடங்கிலோ பத்து மடங்கிலோ நிற்கும் நிதியில் நான் குறைந்த வட்டிக்குக்கூடப் பணம் போடுவேன்.

இருப்புநிலைக் குறிப்பில் கடன்கள் எவற்றின் பேரில் கொடுக்கப்பட்டுள்ளன என்பதையும் பாருங்கள். அசையாச் சொத்தின் பேரிலான கடன் மொத்தக் கடனில் பாதியைத் தாண்டக் கூடாது. நகைக்கடன் மிகுந்த நிதி அவசரத்தில் பணமாக்குவது எளிது. மனைக்கடன் மிகுந்த நிதி அப்படியன்று. தணிக்கையாளர் அறிக்கையோடு, விதிகளைக் கடைப்பிடித்ததற்கான அவருடைய சான்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அதில் 'தவிர', 'நீங்கலாக' என்று தொடங்கும் வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கடன் வாங்குபவர் அறிய வேண்டியவை

உறுப்பினருக்கு மட்டுமே கடன், அதுவும் ஈட்டின் பேரில் மட்டுமே. ஒருவர் பெறக்கூடிய உச்சத் தொகை நிதியின் டெபாசிட் அளவைப் பொறுத்தது. 2 கோடிக்குக் கீழ் டெபாசிட் உள்ள நிதியில் 2 லட்சம், 2 முதல் 20 கோடி வரை 7.5 லட்சம், 20 முதல் 50 கோடி வரை 12 லட்சம், அதற்கு மேல் 15 லட்சம். மூன்றாண்டுகள் தொடர்ந்து லாபம் காட்டாத நிதி இதில் பாதிதான் தரலாம். நகையின் மதிப்பில் 80 சதவீதம் வரை, ஓராண்டுத் தவணையில் கிடைக்கும். ஆனால் 3 லட்சம் மதிப்புள்ள நகையைக் கொண்டு சிறிய நிதிக்குச் செல்பவருக்கு 2.4 லட்சம் கிடைக்காது, 2 லட்சத்தோடு நின்றுவிடும். மனை, வீடு என்றால் மதிப்பில் பாதி வரை, ஏழாண்டுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும்.

கடனுக்கான வட்டி, அந்த நிதி டெபாசிட்டுக்குத் தரும் உச்ச வட்டியைவிட 7.5 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் போகக் கூடாது. குறைந்துவரும் நிலுவையின் மீதே கணக்கிடப்பட வேண்டும். டெபாசிட்டுக்கு அதிகபட்சம் 10 சதவீதம் தரும் நிதி, கடனுக்கு 17.5 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது. நீங்கள் அடகு வைத்த நகையை அந்த நிதி வேறிடத்தில் மறு அடகு வைப்பதற்கும் தடை உண்டு.

மேற்பார்வை யாரிடம், புகார் எங்கே

அன்றாட மேற்பார்வை கம்பெனிப் பதிவாளரிடம் உள்ளது. தமிழ்நாட்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அந்த அலுவலகங்கள் இயங்குகின்றன. ஒவ்வோர் அரையாண்டும் முடிந்த 30 நாட்களுக்குள் என்.டி.எச்.-3 படிவத்தில் உறுப்பினர், டெபாசிட், கடன், இருப்பு விவரங்களைப் பட்டயக் கணக்காளர் அல்லது கம்பெனிச் செயலர் அல்லது செலவுக் கணக்காளரின் சான்றுடன் நிதி தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் இது தாக்கலானதா என்று கேட்பது உறுப்பினரின் உரிமை. இயக்குநர்களும் உறுப்பினராகவே இருக்க வேண்டும்; தொடர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் பதவியில் நீடிக்க முடியாது, இரண்டாண்டு இடைவெளி விட்டே மீண்டும் வரலாம். விதிகளை மீறும் நிதிக்குச் சிறப்பு அதிகாரியை நியமிக்கும் அதிகாரம் மண்டல இயக்குநருக்கு உண்டு. விதிமீறலுக்கான அபராதம் 5,000 ரூபாய், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் என்ற அளவில்தான் இருக்கிறது. கோடிகளைக் கையாளும் நிறுவனத்துக்கு இது கொசுக்கடிதான் என்பதால், சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று உறுப்பினர் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

பழமையும் தன்னளவில் பாதுகாப்பு ஆகாது. 1872இல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் நிதி மீதே, முதிர்ந்த டெபாசிட் திரும்பக் கிடைக்கவில்லை என்ற புகார்களின் பேரில் 2024இல் தமிழ்நாடு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவுசெய்தது.

முதிர்வு நாளில் பணம் வரவில்லையெனில், முதலில் நிதிக்கு எழுத்தில் கோரிக்கை கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்குங்கள். அடுத்ததாகக் கம்பெனிப் பதிவாளருக்கு ரசீது நகலுடன் புகார் அனுப்பலாம். சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மோசடி என்று தோன்றினால், 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் மூலம் ஏலம் விட்டுப் பணத்தைப் பகிர்ந்தளிக்க அந்தச் சட்டம் வழிசெய்கிறது. ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடிய வழி என்பதையும் அறிந்தே செல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் நிதிகள் மீதான புகார்களை விசாரிப்பதில்லை.

விலகும்போது

டெபாசிட்டோ கடனோ நடப்பில் இருக்கும் வரை, அதைப் போட்ட அல்லது வாங்கிய நாளில் கையில் இருந்த பங்குகளில் பாதிக்கு மேல் வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. ஆகவே முதலில் கடனை அடைத்து, அடகுச் சீட்டையும் மனைப் பத்திரத்தையும் திரும்பப் பெற்று, டெபாசிட்டை முடித்துக்கொண்டு, அதன்பின் பங்குக்கு வர வேண்டும். டெபாசிட்தாரராகவோ கடனாளராகவோ இருப்பது நின்றுபோன உறுப்பினரிடமிருந்து நிதியே பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. பங்குச் சான்றிதழை விண்ணப்பத்துடன் ஒப்படைத்து, பங்குத் தொகையையும் வாங்காமல் கிடக்கும் பங்காதாயத்தையும் சேர்த்துக் கணக்கு முடித்ததாக எழுத்தில் கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள்.